மூலக்கொத்தளம் பக்கம் டோலக் ரிப்பேர்: 1,350 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

டோலக், தபேலா, உறுமி, பறை என்று தோல் கட்டிய எது கிழிந்தாலும் சரிசெய்து கொடுக்கும் ஒரு கடை வடசென்னையில் மூலக்கொத்தளம் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பெயர்ப் பலகை கிடையாது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்கவேண்டும், அவ்வளவுதான் இடம். கூரையிலிருந்து இரும்பு வளையங்களும் கயிறும் தொங்கும். டீக்கடையில் "டோலக் பாய் கடை எங்க?" என்று கேளுங்கள், கையைக் காட்டுவார்கள். பெயர் போடட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "வேணாம்மா, இருக்கற வேலையே ஜாஸ்தி" என்றார். அதனால் போடவில்லை.

நான் கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஞாயிறும் புதனும் சாயங்காலம் எங்கள் மாடி போர்ஷனில் பதினாலு பேர் கூடி ஜெபம் செய்வோம். எங்களிடம் இருந்த ஒரே வாத்தியம் இந்த டோலக். 2019-ல் பழைய சாமானாக 2,800 ரூபாய்க்கு வாங்கியது, மாமரக் கட்டை. வாசிப்பவன் என் சித்தி மகன், பதினெட்டு வயது. முன்பு சாவு வீடுகளில் கானா பாடுகிறவர்களோடு போய் விடியவிடிய வாசித்தவன். ஆண்டவரை ஏற்றுக்கொண்ட பிறகும் அந்தக் கை மாறவில்லை. அவன் வாசித்தால் ஸ்தோத்திரப் பாட்டில்கூட நம்ம தெருவின் நடை இருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

போன ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, பாதிப் பாட்டில் ஆறு பேர் மாடிக்கு வந்தார்கள். இங்கே ஜெபம் நடக்கக்கூடாது என்றார்கள். டோலக்கைப் பிடுங்கி, கத்தியால் கிழித்து, படிக்கட்டில் உதைத்து உருட்டிவிட்டார்கள். குறுக்கே போன தம்பிக்கு உதடு கிழிந்தது. அவர்கள் யார், எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இங்கே எழுதமாட்டேன். அதில் இரண்டு பேருடைய அம்மாக்களுக்கு நான் ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஒரு பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். பாய் பிரித்துப் பார்த்தார். "இன்னாமா ஆச்சு?" என்றார். "கீழ விழுந்துடுச்சு பாய்" என்றேன். ஏன் பொய் சொன்னேனோ தெரியவில்லை, வெட்கமாக இருந்தது. அவர் கட்டைவிரலைக் கிழிசல்மேல் ஓட்டினார். "விழுந்தா தோலு இப்படிக் கிழியாதும்மா. இது கத்தி." அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. துணி வெட்டிப் பிழைக்கிறவள் நான், கிழிந்ததற்கும் வெட்டினதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? அங்கேயே அழுதுவிட்டேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பையனை அனுப்பி டீ வாங்கி வரச்சொன்னார். இந்தக் கடையைப் பற்றி எழுதவேண்டும் என்று அப்போதே நினைத்துவிட்டேன்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். வலந்தலை, அதாவது சின்னப் பக்கம், தோல் மொத்தமாகப் போயிருந்தது. தொப்பி, அதாவது பெரிய பக்கத் தோல் கிழியவில்லை, ஆனால் உருண்டதில், சத்தம் ஆழமாக வர உள்ளே தடவியிருந்த மசாலாப் பசை விண்டு கொட்டிவிட்டது. கட்டையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். நாலு போல்ட் வளைந்திருந்தது. தோலுக்குப் பதிலாக ஃபைபர் போட்டால் நாலு வருஷத்துக்குக் கவலையில்லை, கடல் காற்று அதை ஒன்றும் செய்யாது, ஆனால் சத்தம் தகரம் மாதிரி இருக்கும். தோல் என்றால் மழை நாளில் தளரும், ஆனால் பேசும் என்று இரண்டையும் சொன்னார். எது போடச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "பாட்டுக்கா, டான்ஸுக்கா?" என்றார். பாட்டுக்கு என்றதும் தோலைத் தொட்டுக் காட்டினார்.

வலந்தலைக்கு மெல்லிய வெள்ளாட்டுத் தோல், 450 ரூபாய். தொப்பிக்குக் கொஞ்சம் தடித்த தோலும் மசாலாவும் சேர்த்து 500. விரிசலுக்கு 250. போல்ட் 150. தோலை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, வளையத்தில் ஈரத்தோடு சுற்றி, நிழலில் காயவைக்கிறார். வெயிலில் காய்ந்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளுமாம். விரிசலில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்து, சுற்றிலும் கயிறு முறுக்கி இரண்டு நாள் அப்படியே வைத்தார். தகடு அடித்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. இப்போது தேடினால்தான் விரிசல் தெரியும்.

எட்டு நாள் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு நாள் ஆக்கினார். அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த டோலக் எனக்கு என்ன என்பது உங்களுக்குப் புரியாது.

முதல் இரண்டு ராத்திரி எனக்குக் கோபம்தான். தூக்கமே இல்லை. இது புதுசா என்றால் இல்லை. ஆறு வருஷமாக அண்ணன் என்னோடு பேசுவதில்லை. என் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது தாய்மாமன் சீர் வரவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்து அவள் கண் பூத்துப்போனது. லாரித் தண்ணீர் வரிசையில் என் குடத்தை எடுத்துக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் தாங்கினேன். தம்பியின் உதட்டில் ரத்தத்தைப் பார்த்ததும் தாங்கமுடியவில்லை. "சந்தோஷமா இருங்க"ன்னு வேதத்துல போட்டிருக்கே, எப்படி முடியும் என்று பெரியக்காவிடம் சண்டை போட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 16-ம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசி என்று மட்டும் சொன்னார்.

நூறு தடவை கேட்ட அதிகாரம்தான். பிலிப்பி ஊரில், இயேசுவைப் பிரசங்கித்த பவுலையும் சீலாவையும் வஸ்திரத்தைக் கிழித்துப் பிரம்பால் அடித்து, உட்காவலறையில் கால்களைத் தொழுமரம் என்ற கட்டையில் மாட்டுகிறார்கள். நடுராத்திரியில் இரண்டு பேரும் பாடுகிறார்கள். பூமி அதிர்ந்து கதவு திறக்கிறது. நான் எப்போதும் அந்தக் கதவுக்கே ஓடிவிடுவேன். இந்தத் தடவைதான் கவனித்தேன்: சிறைக்காரன் அவர்களுடைய காயங்களைக் கழுவுவது அதற்கு அப்புறம். அப்படியென்றால் பாடினபோது முதுகில் ரத்தம் கழுவாமலே இருந்திருக்கிறது. கதவு திறக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. வலி போன பிறகு வருவதுதான் சந்தோஷம் என்று நான் நினைத்துக் காத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் காத்திருக்கவில்லை.

பிறகு அதே பிலிப்பி ஊர்க்காரர்களுக்குத்தான் பவுல் கட்டப்பட்ட நிலையிலிருந்து கடிதம் எழுதுகிறார். நாலே அதிகாரம். சந்தோஷம், சந்தோஷம் என்று அதிலே திரும்பத் திரும்ப வருகிறது. வாங்குகிறவர்களுக்கு அந்த ஆளின் முதுகு தெரியும் என்பதை நினைத்துக்கொண்டு அதை வாசித்துப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். பதினாலு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். வராதவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. குரலை எழுப்ப எல்லோருக்கும் பயம். முணுமுணுவென்று பாடினோம். அப்போது தம்பி எழுந்துபோய்க் காலி வாட்டர் கேன் ஒன்றைத் தூக்கிவந்து, கவிழ்த்து மடியில் வைத்து, விரல் நுனியால் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தான். வீங்கின உதட்டோடு தலையை ஆட்டிக்கொண்டு வாசிக்கிறான். காசிமேட்டில் மீன் விற்கும் ஆயா ஒருவர் வருவார், எழுபது வயதுக்கு மேல். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வரக்கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒவ்வொருவராகப் பற்றிக்கொண்டது. நானும் சிரித்தேன். கோபம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. யாரையும் மன்னிக்கவேண்டும் என்று முயற்சி செய்துகூட நான் உட்காரவில்லை. நெஞ்சு லேசாக இருந்தது, அவ்வளவுதான் சொல்லமுடியும். ஊரே கூடி எனக்கு நல்லது செய்த நாட்களிலும் நான் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சந்தோஷப்படு என்றால் வாயை மூடிக்கொண்டு இரு என்று அர்த்தமில்லை. அதே அதிகாரத்தின் கடைசியில், ரகசியமாக வெளியே போய்விடுங்கள் என்று அதிகாரிகள் சொல்லியனுப்ப, பவுல் மறுக்கிறார். நாங்கள் ரோமர், விசாரிக்காமல் எங்களை வெளியரங்கமாய் அடித்தீர்கள், நீங்களே வந்து அழைத்துப் போங்கள் என்கிறார். நம்முடைய அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவும் தன் மதத்தைப் பின்பற்றும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்கிறது. நாங்களும் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் எழுதி வாங்கி மனு கொடுத்தோம். பேசி முடித்ததில், எட்டு மணிக்குள் முடிப்பது, மைக் வைப்பதில்லை என்று ஆனது. மைக் நாங்கள் எப்போதும் வைத்ததில்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டோம்.

ராயபுரத்தில் எனக்கு ஒரு கத்தோலிக்கத் தோழி உண்டு. ராயப்பர் என்பது இயேசுவின் சீஷர் பேதுருவுக்கு அவர்கள் வைத்திருந்த பழைய பெயர், ராயபுரம் என்ற பெயரே அவரால் வந்தது என்பார்கள். விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தவள், திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்து கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். 1745-ல் ஞானஸ்நானம், 1749-ல் கைது, எருமைமேல் உட்காரவைத்து ஊர் ஊராக அவமானப்படுத்தியது, 1752-ல் ஆரல்வாய்மொழிப் பக்கம் சுட்டுக் கொன்றது. 2022 மே மாதம் வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். எங்களுக்குப் புனிதர் வணக்கம் கிடையாது, ஆனாலும் நம்ம தமிழ் மண்ணில், நம்ம எருமைமேல் என்று கேட்டபோது மனசு கிட்டே போனது. அவளும் நானும் அன்றைக்கு முதல் தடவையாகச் சேர்ந்து ஜெபித்தோம்.

மறுபடியும் கடைக்கு வருகிறேன். பன்னிரண்டாம் நாள் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசித்துப் பார் என்று பாய் அவன் மடியில் வைத்தார். இவன் தயங்கினான். "கைய வெய்யிப்பா, தோலு உன்னிய கடிக்காது" என்றார். வாசித்தான். நாங்கள் ஜெபத்தில் முதலில் பாடுகிற பாட்டின் தாளம். தொப்பியில் கும்மென்று இறங்குகிற சத்தம் பழைய சத்தத்தைவிட ஆழமாக இருந்தது, இதில் மிகை இல்லை. எதிர்க்கடை வெல்டிங் பையன் வேலையை நிறுத்திவிட்டு நின்றான். தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு அம்மா இடுப்பிலிருந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். பாய் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வலந்தலைய இன்னும் அரை சுத்து ஏத்தணும்" என்று ஸ்பேனரை எடுத்தார்.

குறைகளும் உண்டு. நாலு நாள் தாமதம். போன் செய்தால் எடுப்பதே இல்லை. பில் கிடையாது, கணக்கைச் சிகரெட் அட்டையில் எழுதித் தருகிறார். ஜிபே இல்லை, ரொக்கம்தான். தோளில் மாட்டும் பட்டையைத் தைத்துக் கொடுத்தது சரியில்லை, இழுத்தால் பிரிகிறது. வீட்டுக்கு வந்து நானே கான்வாஸில் இரட்டைத் தையல் போட்டேன். புதுத் தோல் ஒரு வாரத்தில் இளகும், திரும்பக் கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுபோனேன், காசு வாங்காமல் ஏற்றிக் கொடுத்தார். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைத்தது அந்தப் பட்டைக்காக.

பார்த்துக்கொள்ளும் விதம் அவர் சொன்னது: தரையில் வைக்கவேண்டாம், ஈரம் ஏறும். மழை நாளில் தளர்ந்தால் அடுப்புச் சூட்டில் காட்டாதீர்கள், இளவெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். வாசிக்காத நாளில் போல்ட்டைக் கொஞ்சம் இளக்கிவிடுங்கள். நான் புதனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் இளக்குவதில்லை, தம்பி தினமும் எடுத்துவிடுகிறான்.

இப்போது பதினோரு பேர் வருகிறோம். ஆயா வாட்டர் கேனைத் தூக்கிப்போட விடவில்லை, அது அலமாரிமேல் இருக்கிறது. அண்ணன் இன்னும் பேசவில்லை.

போகிறவர்கள் காலையில் பதினொரு மணிக்கு மேல் போங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணி ஆகும் திரும்பி வர.