அரைக்கால் இஞ்ச் சென்சார்: எந்த ஓட்டைக்கு எந்த மரை?

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்ட ஏற்றங்களில் லோடோடு ஏறும் பழைய ஜீப்புக்குத் தனியாக ஒரு டெம்பரேச்சர் மீட்டர் அவசியம். மீட்டரை யாரும் மாட்டிவிடலாம். சிக்கல் வருவது இன்ஜினில் திருகும் சென்சாரின் மரையில்தான். பெட்டியில் 1/8 என்று மட்டும் போட்டிருப்பார்கள். அந்தப் பெயரில் இரண்டு டேப்பர் மரை (நுனி சிறுத்து அடி பருத்தது) உண்டு. போதாததற்கு, எம்10×1 என்ற மெட்ரிக் நேர் மரையும் (10 மி.மீ. பருமன், 1 மி.மீ. இடைவெளி) கிட்டத்தட்ட அதே பருமன்.

என்.பி.டி. அமெரிக்க அளவு: இஞ்சுக்கு 27 மரை, பல் கோணம் 60 டிகிரி. ஆன்லைனில் வாங்கும் மீட்டர் செட்டில் பெரும்பாலும் இதுதான் வரும். பி.எஸ்.பி.டி. பிரிட்டிஷ் அளவு: 28 மரை, 55 டிகிரி. ஜப்பான் இன்ஜின்களின் ஆயில் பிரஷர் சுவிட்சில் இதைப் பார்க்கலாம். நம் நாட்டுத் தண்ணீர்க் குழாய்களும் பி.எஸ்.பி. வகைதான். அதனால் மார்த்தாண்டத்தில் பைப் கடையில் வாங்கிய ‘டி’ வடிவ இணைப்பில் ஆன்லைன் சென்சார் சேரும் என்று நம்பாதீர்கள்.

மாற்றிப் போட்டாலும் ஓரிரு சுற்று ஏறிவிடும், அப்புறம் இறுகும். டேப்பர் மரை எப்படியும் இறுகத்தான் செய்யும் என்பதால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று கை சொல்லும். அந்த நேரத்தில் ஸ்பானரை இன்னொரு இழுப்பு இழுத்தால் சென்சார் ஏறும் அலுமினிய தெர்மோஸ்டாட் ஹவுசிங் (கூடு) விரிசல் விடும்.

இரண்டு டேப்பரையும் மரையை எண்ணிப் பிரிக்க முடியாது; ஒரு சென்டிமீட்டரில் அரை மரை வித்தியாசம்கூட வராது. வெர்னியர் அளவுகோலை எடுங்கள். நுனியில் முதல் முழு மரையையும் அடி மரையையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக 10 மி.மீ.-ஐ ஒட்டி இருந்தால் எம்10. அடி பருத்திருந்தால் டேப்பர்; 8 மி.மீ. நீளத்துக்கு அரை மி.மீ. கூடும். நுனி 9.5 பக்கம் என்றால் பி.எஸ்.பி.டி., 10 பக்கம் என்றால் என்.பி.டி. கடைசியாகப் பிட்ச் கேஜை (மரை இடைவெளி பார்க்கும் பல் தகடு) மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் ஒளிக் கீற்று தெரிந்தால் அது வேறு மரை.

என் தேர்வு முதலில் எம்10தான், ஓட்டை அதற்கு இருந்தால். கசிவைக் காப்பர் வாஷர் அடைக்கும், மரைக்கு டெஃப்லான் டேப்பே வேண்டாம். டேப்பர் வகையில் டெஃப்லான் சுற்றும் பழக்கம் ஒற்றை வயர் சென்சாருக்கு ஆபத்து. அதற்கு எர்த் கிடைப்பதே மரை வழியாகத்தான். டேப் தடித்து எர்த் கெட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும். இன்ஜின் கொதித்தாலும் முள் நிம்மதியாக நிற்கும்.

மரை ஒத்துவரவில்லை என்றால் அதே மீட்டருக்குரிய சென்சாரை ஓட்டையின் மரையில் தேடுவதே முதல் வழி. மீட்டரும் சென்சாரும் ஒரே ரெசிஸ்டன்ஸ் கணக்கில் இருக்க வேண்டும், இல்லையேல் மரை சேர்ந்தும் பயனில்லை. அடுத்தது லேத்தில் கடைந்த பித்தளை அடாப்டர். இதில் சென்சார் நுனி கூலன்டைவிட்டுப் பின்தங்கும், முள் தாமதமாக ஏறும். ஹவுசிங்கில் புது மரை வெட்டுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். வெட்டிய உலோகம் திரும்பாது.

ரேடியேட்டர் ஹோஸின் நடுவே செருகும் அடாப்டருக்கு ஹவுசிங்கில் கைவைக்கவே வேண்டாம். ஆனால் ரப்பருக்கு நடுவில் இருப்பதால் அதற்குத் தனி எர்த் வயர் கட்டாயம். குளச்சல், முட்டம் போல உப்புக்காற்று வீசும் ஊர் என்றால் அந்த வயர் முனையில் கிரீஸ் பூசி இறுக்குங்கள்.