ஐந்து நிறுவனங்களுக்கு ஒரே ரெட்கேப்: மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் கூட்டு ஆய்வில் ஐந்து நிறுவனங்கள். முதல் ஆறு மாதம் எக்செல் கோப்பை மின்னஞ்சலில் சுற்றவிட்டோம். எது கடைசியாகத் திருத்திய கோப்பு என்று தேடியே நேரம் போகும். அப்புறம்தான், ஆய்வுத் தரவை இணையப் படிவங்களில் சேகரித்து வைக்கும் மென்பொருளான ரெட்கேப்புக்கு (REDCap) மாறினோம். 2004இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது இது. லாப நோக்கமற்ற நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டால் உரிமக் கட்டணம் கிடையாது, சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நிறுவனத்தையும் ஒரு தரவு அணுகல் குழுவாக வைத்தால் அவரவர் பதிவுகள் மட்டும் அவரவருக்குத் தெரியும். ஆனால் எந்தக் குழுவிலும் சேராத பயனருக்கு எல்லாமே தெரியும். புதிதாக வந்த ஒருவரைக் குழுவில் சேர்க்க மறந்தோம். இரண்டு நாள் ஐந்து நிறுவனங்களின் தரவும் அவர் கண்முன் இருந்தது. கணக்கு தொடங்கும்போதே குழுவையும் போட்டுவிடுங்கள்.

நாங்கள் அதிகம் அடிபட்டது நிலைப் பலகையில். ஒவ்வொரு படிவமும் அதில் ஒரு வண்ணப் புள்ளி: சிவப்பு என்றால் முடியவில்லை, மஞ்சள் என்றால் சரிபார்க்கவில்லை, பச்சை என்றால் முடிந்தது. பார்க்க எளிதுதான். ஆனால் ‘முடிந்தது’ என்பதற்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருந்தோம். ஓரிடத்தில் படிவத்தை நிரப்பியதுமே பச்சை. இன்னோரிடத்தில், மூலத் தாளோடு மேற்பார்வையாளர் ஒப்பிட்ட பிறகுதான் பச்சை. பலகையில் இரண்டாவது நிறுவனம் பின்தங்கித் தெரிந்தது. மாதக் கூட்டத்தில் அவர்களிடம் விளக்கமும் கேட்டோம். ஒழுங்காக வேலை செய்தவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இப்போது நிரப்புபவர் மஞ்சள் வரைதான் போகலாம். வேறொருவர் ஒப்பிட்டால்தான் பச்சை. விதி வந்த மாதம் பச்சைப் புள்ளிகள் நிறையக் குறைந்தன. யாரும் வருத்தப்படவில்லை.

இன்னொரு தவறையும் சொல்லியாக வேண்டும். தேர்வுப் பட்டியலில் ரெட்கேப் சேமிப்பது பதிலின் வாசகத்தை அல்ல, அதற்கு நாம் கொடுத்த குறியீட்டை மட்டும்தான்; நாங்கள் கொடுத்தவை எண்கள். எங்கள் பட்டியலில் 3 என்றால் ‘மாதிரி ஆய்வகத்தில் உள்ளது’. நடுவில் புதிய நிலை ஒன்று தேவைப்பட, அதற்கு 3ஐக் கொடுத்து, பழையதை 4க்குத் தள்ளினோம். ஏற்கெனவே 3 என்று பதிவானவை எல்லாம் சத்தமில்லாமல் பொருள் மாறிவிட்டன. உண்மையான தரவு வரத் தொடங்கியும் ரெட்கேப்பில் திட்டத்தை வடிவமைப்பு நிலையிலேயே (திருத்தங்கள் உடனே அமலாகும் நிலை) வைத்திருந்தது எங்கள் பிழை. உண்மையான தரவுக்கென்றே உள்ள நடப்பு நிலைக்கு மாற்றியிருந்தால் திருத்தம் முதலில் வரைவாகத்தான் நின்றிருக்கும், இப்படி அர்த்தம் மாறும் இடங்களையும் அது சுட்டிக்காட்டியிருக்கும். காப்பாற்றியது மாற்றப் பதிவேடு. யார், எப்போது, எந்த மதிப்பை இட்டார் என்பதெல்லாம் அதில் இருந்ததால் தேதியை வைத்துப் பழைய பதிவுகளைப் பிரித்துத் திருத்தினோம். புதிய நிலை வந்தால் இப்போது பட்டியலின் கடைசி எண்ணுக்கு அடுத்ததைக் கொடுக்கிறோம். திரையில் அதை எந்த இடத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

தரவுக்கென்றே பொறுப்பாக ஓர் ஆள் இருந்தால் ரெட்கேப்பைத் தயங்காமல் எடுங்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் வந்தது இரண்டாம் ஆண்டில்தான். பச்சைப் புள்ளிக் குழப்பமும் எண் மாறிய சிக்கலும் அதற்கு முந்தையவை.