கும்பகோணம் வக்கீல் ஆபீஸ், ஆக்சிடென்ட் கேஸுக்கு 4 ஸ்டார்

பாபநாசம் கிட்ட நெல்லு லாரி எங்க கார்ல இடிச்சு எட்டு மாசம் ஆச்சு, கை எலும்பு கூடிருச்சு ஆனா பயம் போகல, இன்னிக்கும் பஸ்ல போறப்ப பின்னாடி லாரி ஹாரன் கேட்டா முன்சீட்டு கம்பிய புடிச்சுப்பேன், விரலெல்லாம் வெளுத்துப் போயிடும், பக்கத்துல இருக்கவங்க ஒரு மாதிரி பாப்பாங்க. மொதல்ல போன வக்கீல், பேரு வேணாம், "ஒடைஞ்ச கைக்கு காசு கேக்கலாம், பயத்துக்கெல்லாம் யாரும்மா குடுப்பா"ன்னு சிரிச்சாரு.

அப்புறம்தான் இங்க வந்தோம். வக்கீல் மேடம் முக்கா மணி நேரம் பொறுமையா கேட்டாங்க. வலி வேதனைங்கற தலைப்புல மனசு பாதிச்சதுக்கும் இழப்பீடு கேக்கலாம், ஆனா வாயால சொன்னா நிக்காது, மனநல டாக்டர் சீட்டு, மாத்திரை பில்லு, வேலைக்குப் போகாத நாள் கணக்கு எல்லாம் வேணும்னாங்க. மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தப்படி விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள மனு போடணுமாம், அப்ப எங்களுக்கு அஞ்சாவது மாசமே முடியப்போற நேரம், ஓடி ஓடி போட்டாங்க. ஃபீஸ் முன்னாடியே சொல்லிட்டாங்க, வர்ற தொகைல பங்கு கேக்கல, அப்படி கேக்கறதே வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிப்படி தப்பாம்ல!

குறைன்னா குமாஸ்தா போனே எடுக்க மாட்டாரு, மாடிப்படி வேற செங்குத்து. கேஸ் இன்னும் நடக்குது, அதான் ஒரு ஸ்டார கையில வச்சிருக்கேன்.