நாய்க்கடிக்கு ஜி.எச். போகிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு 11,400 ரூபாய் போச்சு

அரசின் குறைதீர்ப்புப் பிரிவான 'முதல்வரின் முகவரி'யில் போட்ட புகாருக்கு இன்று காலை பதில் வந்தது. "மனுதாரரின் மகளுக்குத் தடுப்பூசி செலுத்தப்பட்டுள்ளது. மனு முடிக்கப்பட்டது." அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். தடுப்பூசி போட்டார்களா என்று நான் கேட்கவே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் சீரம் ஊசி ஏன் தரவில்லை, அதற்கு வெளியில் கட்டிய 11,400 ரூபாய்க்கு யார் பொறுப்பு என்றுதான் கேட்டேன்.

என் பெண் மூன்றாம் வகுப்பு. டியூஷன் விட்டு வரும்போது தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பல் ஆழமாக இறங்கி நல்ல ரத்தம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் நாய்க்கடி, பாம்புக்கடி மருந்து 24 மணி நேரமும் இருப்பில் உள்ளதாகக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த சிஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். சோப்பு போட்டுக் காயத்தைக் கழுவி, முதல் தடுப்பூசியும் போட்டுவிட்டார். "ரத்தம் வந்த கடி அண்ணே, காயத்தைச் சுத்தி சீரமும் போடணும். எங்ககிட்ட இல்லை, உடனே ஜி.எச். போயிடுங்க" என்றார்.

தடுப்பூசி போட்டதும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது, நாளாகும். அதுவரை தாக்குப்பிடிக்கக் காயத்துக்குள்ளேயே போடுவதுதான் இந்தச் சீரம். டாக்டர்கள் இம்யூனோகுளோபுலின் என்பார்கள். ரேபிஸ் வந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க வழியே இல்லை. 2024-இல் தமிழ்நாட்டில் மட்டும் 43 பேர் அதில் செத்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளை விஷயத்தில் இதைக் கேட்ட எவனும் பேரம் பேச மாட்டான். அது காசு பிடுங்குகிறவர்களுக்கும் தெரியும்.

ஜி.எச்.சில் டியூட்டி டாக்டர் தலையைத் தூக்காமலே, "ஸ்டாக் இல்லை, மெடிக்கல் காலேஜ் போங்க" என்றார். அது அடுத்த ஊர், ராத்திரி வேளை. வெளியே வந்து நின்றேன். மருந்து கொடுக்கிற இடத்திலிருந்து ஒருவர் பின்னாலேயே வந்தார். "தம்பி, பாப்பாவை வச்சுக்கிட்டு எங்க அலையப் போறீங்க? நம்ம டாக்டர்தான், இங்க டியூட்டி பாக்கிறவர்தான், வெளியில கிளினிக் வச்சிருக்கார். நான் போன் பண்ணிடறேன், போங்க." கழுத்தில் அரசு அடையாள அட்டை. பேச்சில் அத்தனை கரிசனம். பாப்பாவின் தலையைத் தடவி, "ஒண்ணும் ஆகாதுடா கண்ணு" என்று வேறு சொன்னார். அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அரசு ஊழியர் சொல்கிற வார்த்தை. அப்படியே நம்பிப் போனேன்.

எடைக்குத் தகுந்த அளவு என்று இரண்டு குப்பி. 11,400 ரூபாய், ரொக்கமாக மட்டும். ஏ.டி.எம்.முக்கு ஓடி எடுத்து வந்து கட்டினேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'ஊசி' என்று எழுதித் தொகையைப் போட்டுக் கொடுத்தார்கள். காலிக் குப்பியைக் கேட்டால் குப்பையில் போட்டாச்சாம். அரசுக்கு வாங்குகிற மருந்துகளில் விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். நான் பார்க்காததை இருந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது அரசு மருந்தாக இருக்குமோ என்ற சந்தேகம் போகவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. ஜி.எச். பெரிய டாக்டர் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டி, "அன்னைக்கு ஸ்டாக் இருந்துதே, நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. யார் இல்லைன்னு சொன்னது? எழுத்துல இருக்கா?" என்கிறார். ஜி.எச்.சுக்கு மேலே இருக்கிற ஜே.டி. (இணை இயக்குநர்) ஆபீஸில் கேட்டால், "மருத்துவப் பணிகள் கழகத்துலேர்ந்து சப்ளை லேட் சார், எங்கேயும் இல்லை" என்கிறார்கள். ஒரே மருந்து, ஒரே ராத்திரி. ஜி.எச். ரிஜிஸ்டரில் இருந்திருக்கிறது, ஜே.டி. ஆபீஸுக்கு இல்லை! ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு இயக்குநரகம், ஜி.எச். இன்னொன்று, மெடிக்கல் காலேஜ் வேறொன்று, மருந்து வாங்குவது மருத்துவப் பணிகள் கழகம். யாரைக் கேட்டாலும் அடுத்தவர் பக்கம் கை நீட்டுகிறார்கள்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தருகிற ஆஸ்பத்திரிகள் அதற்குள் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். அதே நீதிமன்றம் 1996-இல் வேறொன்றும் சொன்னது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. தனியாரிடம் போய் அவருக்கு 17,000 ரூபாய் செலவானது. அவசரச் சிகிச்சை தராதது வாழ்வுரிமை மீறல் என்று 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். 1992-இல் விழுந்தவருக்கு 1996-இல் தீர்ப்பு. 11,400 ரூபாய்க்கு நான் டெல்லி வரை போக முடியுமா?

என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. கடித்தவுடன் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மருந்து இல்லை என்றால் அதை ஓ.பி. சீட்டிலேயே கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள், தராவிட்டால் அங்கே நின்றே அரசு மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் போடுங்கள். சீரம் உடனே போடுவதுதான் சரி. ஆனால் கிடைக்காதபோது, முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து 7 நாள் வரை போடலாம் என்று விதிமுறை இருக்கிறது. இதை எனக்கு அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. பேட்ச் நம்பர் போட்ட பில் இல்லாமல் யாருக்கும் காசு தராதீர்கள்.

அன்றைய இருப்புப் பதிவேட்டின் நகலைக் கேட்டு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு அனுப்பியிருக்கிறேன், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. 11,400-உடன் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்தால் இங்கேயே போடுகிறேன்.