‘காலேஜ் கோச்’ டென்னிஸ் வகுப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

பெரம்பூர், கொளத்தூர், மூலக்கடை, மாதவரம் பக்கம் பிள்ளைகளுக்கு டென்னிஸ் வகுப்பு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "அனுபவமுள்ள காலேஜ் கோச், ஒரு பிள்ளைக்கு ஒரு கோச், தனி வகுப்பு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அதை நம்பி மூன்று மாதக் கட்டணம் 27,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினோம். பணமும் போய், ஒன்பது வயது மகளுக்கு மணிக்கட்டு வலி வந்ததுதான் மிச்சம்.

நம்ம பக்கம் கால்பந்து, பாக்ஸிங், கேரம் என்றால் சொல்லிக்கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண்தான். டென்னிஸுக்கு மட்டும் நுங்கம்பாக்கம் ஓட வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து வந்து, அந்த டிராஃபிக்கில் பிள்ளையை அழைத்துப் போக எத்தனை பேரால் முடியும்? இந்த ஏக்கத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

டெமோ வகுப்புக்கு வந்தவர் உண்மையிலேயே நல்ல கோச், ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுப்பவர். சர்வீஸ் போடும்போது ராக்கெட்டைச் சுத்தியல் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும் என்று, மகளின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் காட்டினார். பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டு, கால் எங்கே இருக்கணும் என்று பொறுமையாகச் சொன்னார். அன்றைக்கே ஜிபேயில் பணம் அனுப்பினோம். அதன்பிறகு அவரை அந்த கோர்ட்டில் நாங்கள் பார்க்கவே இல்லை.

"சாருக்கு யூனிவர்சிட்டி மேட்ச் இருக்கு மேடம், அடுத்த வாரம் வந்துடுவார்" என்பார்கள். அடுத்த வாரமும் அதே பதில். வந்ததெல்லாம் காலேஜில் படிக்கிற பையன்கள், அதுவும் வாரத்துக்கு ஒரு புது முகம். தனி வகுப்பு என்று சொன்ன இடத்தில் நாலைந்து பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஆறு பந்து அடித்துவிட்டு மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகணும். பாதி நேரம் பந்து பொறுக்கிக் கூடையில் போடுவதிலேயே கழிந்தது. அந்தக் கூடையில் பாதிப் பந்துகள் மேல்பஞ்சு தேய்ந்து மொட்டையானவை, மீதி புதுசு. ஒன்று முழங்கால் உயரம்கூட எழும்பாது, அடுத்தது அவள் தலைக்கு மேலே போகும். எதற்கென்று கையைத் தயார்படுத்துவாள் அவள்?

அந்தப் பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தன் என்னிடமே சொன்னான்: "அக்கா, எனக்கு ஒரு மணி நேரத்துக்கு நூத்தம்பது ரூபாதான் தர்றாங்க. நான் காலேஜ் டீம்ல ஆடுறேன், அவ்ளோதான். கோச்சிங் எல்லாம் தெரியாது, பந்து போடச் சொன்னாங்க." எங்களிடம் வாங்கியது மணிக்கு 750.

ராக்கெட்டையும் அவர்களிடமே வாங்கணுமாம். பெரியவர்கள் ஆடும் 27 இன்ச் ராக்கெட்டை 4,500 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். இந்த வயதில், உயரத்தைப் பார்த்து 25 இன்ச் சுமாருக்குத்தான் கொடுப்பார்கள். பந்து விஷயமும் அப்படித்தான். பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தே கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று வேகம் குறைந்த பந்துகள் இருக்கின்றன. சிவப்புப் பந்தின் வேகம் 75 சதவீதம் குறைவு, ஆரஞ்சு 50, பச்சை 25. இவர்கள் கோர்ட்டில் அப்படி ஒரு பந்துகூட என் கண்ணில் படவில்லை. எலும்பு டாக்டர் அந்த ராக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சா இந்தப் பாப்பா ஆடுறா?" என்று கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

மிச்சப் பணத்தைக் கேட்டால், "கட்டினா திரும்பத் தரமாட்டோம்னு ரசீதுலயே போட்டிருக்கு மேடம்" என்றார்கள். பதிலுக்கு, அமெரிக்கக் கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் வாங்க இலவசமாக வழிகாட்டுகிறார்களாம். அங்கே கோச்சுகள் பார்ப்பது யுடிஆர் ரேட்டிங் (போட்டி முடிவுகளை வைத்து ஆட்டக்காரருக்குத் தரும் தர எண்), போட்டி முடிவுகள், ஆட்டத்தின் வீடியோ. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது. சரியாக சர்வீஸ் போடக்கூடக் கற்றுக்கொடுக்காத பிள்ளையின் பெற்றோரிடம் இந்த ஆசையை விற்க எப்படி மனசு வருகிறது?

ரசீதில் அப்படி அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லலாம். சேவைக்கு நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமே இல்லை. மனுவை இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

புதிதாகச் சேர்க்கிறவர்கள் டெமோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாதாரண நாளில் போய், யார் பந்து போடுகிறார்கள், எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று பாருங்கள். தினமும் வரப்போகிற கோச்சின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் பயிற்சியாளர் சான்றிதழோ, பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தின் (என்ஐஎஸ்) டிப்ளமாவோ இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல கோச் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். பணத்தை மாதாமாதம் மட்டும் கட்டுங்கள்.

நாங்கள் புகார் கொடுத்துவிட்டோம். இதற்குள் அதே போட்டோ, அதே வாசகத்தோடு வேறு நம்பரிலிருந்து விளம்பரம் வர ஆரம்பித்திருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு இன்பாக்ஸில் வாருங்கள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் அனுமதியோடு, ஒரே மனுவாகக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.