பிப்ரவரி மால்டாவை ஜூலை விலைக்கு விற்கிறார்கள், கவனம்

லண்டன் பள்ளிகளுக்கு பிப்ரவரி அரைப்பருவ விடுமுறை நெருங்குகிறது. "குளிர்காலத்திலும் வெயில்" என்று, மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவுக்கு பேக்கேஜ் விளம்பரங்கள் நம் வாட்ஸாப் குழுக்களில் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டன. போன வருடம் அப்படி ஒன்றை வாங்கி நாங்கள் பட்டதை எழுதுகிறேன். முன்பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

விற்றவர் நம்மவர்தான், அதனால்தான் வருத்தம் அதிகம். "சார், மால்டால வருஷத்துல முந்நூறு நாள் வெயில். பசங்க கடலை விட்டு எழுந்தே வர மாட்டாங்க" என்றார். விமானம், அபார்ட்மென்ட், வெந்நீர் நீச்சல்குளம், பக்கத்துக் கொமினோ தீவில் ப்ளூ லகூன் என்ற நீலக் கடற்பகுதிக்குப் படகு, எல்லாம் சேர்த்து ஒரே விலை.

அந்த முந்நூறு நாள் வருடம் முழுவதற்குமான கணக்கு. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையே அபூர்வம். வருட மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் பெய்து முடிந்துவிடும். பிப்ரவரியில் பகலில் 15, 16 டிகிரி, இரவில் 9, 10. லண்டனைவிட இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடல்நீரும் 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதில் குழந்தைகளை எப்படி இறக்குவது?

வீட்டுக்குள் இன்னும் மோசம். மால்டாவின் பழைய வீடுகள் சுண்ணாம்புக்கல்லில், கோடை வெப்பத்தைச் சமாளிக்கக் கட்டியவை. உயரமான கூரை, டைல்ஸ் தரை. லண்டன் வீடுகள் மாதிரி அறைக்கு அறை ரேடியேட்டர் கிடையாது. சுற்றிலும் கடல் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். சுவரும் படுக்கை விரிப்பும் சில்லென்று நமுத்துக் கிடந்தன. "ஹீட்டிங் உண்டு" என்று அவர் சொன்னது ஹாலில் இருந்த, சூடான காற்றும் விடும் ஒரே ஒரு ஏசியை. அதை ஓட்டினால் மின்சாரத்துக்கு மீட்டர்படி தனிக் கட்டணம். சாவி கையில் வாங்கும்போதுதான் இதைச் சொன்னார்கள். மூட்டுவலிக்காரரான என் மாமியார் இரவு முழுக்க கோட்டைக் கழற்றாமல் படுத்திருந்தார். நீச்சல்குளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஏப்ரலில்தான் திறப்பார்களாம்.

அப்புறம் காற்று. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து கிரெகாலே என்றொரு காற்று அடிக்கும். வல்லெட்டா, ஸ்லீமா, செயின்ட் பால்ஸ் பே என்று பயணிகள் தங்கும் ஊர்கள் பெரும்பாலும் அந்தத் திசையைப் பார்த்தே இருக்கின்றன. 2019 பிப்ரவரியில் அது அடித்த வேகத்தில் அலைகள் மீன்களைச் சாலையில் கொண்டுவந்து போட்டன. நாங்கள் போனபோது அவ்வளவு உக்கிரம் இல்லை, ஆனால் படகு ஓடாத அளவுக்கு இருந்தது. கொமினோவை நாங்கள் கரையிலிருந்து பார்த்ததோடு சரி.

விற்றவருக்குப் போன் செய்தால், "இயற்கைக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?" என்றார். காற்று அவர் கையில் இல்லைதான். ஆனால் குளிர்காலத்தில் இந்தப் படகு அடிக்கடி ரத்தாகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை மறைத்து, உறுதியான பயணம் மாதிரி விற்றது அவர்தான். ஊர் திரும்பி அவருடைய துண்டுப்பிரசுரத்தை எடுத்துப் பார்த்தால், அதில் கோசோ தீவின் அஸ்யூர் விண்டோ பாறை வளைவு பெரிய படமாகப் போட்டிருக்கிறது. அந்த வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது! இல்லாத ஒன்றைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள்.

மால்டாவை நான் குறை சொல்லவில்லை. பிப்ரவரியில் மலைச்சரிவுகள் பச்சையாக, மஞ்சள் பூக்களோடு அவ்வளவு அழகு. ம்தினா கோட்டை நகரத்தில் கூட்டமே இல்லாமல் நடந்தோம். ஹஜார் கிம் கற்கோயில்களுக்கு மேலே கூடாரக் கூரை இருப்பதால் தூறலிலும் நின்று பார்க்க முடிந்தது. நடக்க, பார்க்க என்று சொல்லி விற்றிருந்தால் சந்தோஷமாகவே பணம் கொடுத்திருப்போம். கடலில் குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஜூன் பாதிக்கு மேல் போங்கள். மே மாதம் வெயில் நன்றாக இருக்கும், தண்ணீர் சூடேறியிருக்காது. செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பு, ஆனால் இடிமழை ஆரம்பிக்கும் காலம்.

இப்போது முக்கியமானது. விமானமும் தங்குமிடமும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் பிரிட்டனில் 2018-ஆம் ஆண்டின் பேக்கேஜ் பயண விதிகள் பொருந்தும். பேக்கேஜில் சேர்ந்த ஒன்று கிடைக்கவில்லை என்றால், காரணம் வானிலையாகவே இருந்தாலும் அதற்குரிய விலைக்குறைப்பைக் கேட்கலாம். நஷ்டஈடு வேறு விஷயம், அதற்கு வானிலையைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியும். குறையை அங்கே இருக்கும்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மூடிய குளம், மீட்டர், ரத்தான படகின் அறிவிப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பணம் கட்டும் முன்பே, எந்த அறையில் ஹீட்டர், மின்சாரம் விலையில் அடக்கமா, குளம் அந்தத் தேதியில் திறந்திருக்குமா, படகு ரத்தானால் பணமா வவுச்சரா என்று மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். போனில் மட்டுமே பதில் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

எங்களுக்கு முதலில் வவுச்சர்தான் தருவதாகச் சொன்னார்கள். மறுத்து, விதியைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதிய பிறகு படகுக்கும் குளத்துக்கும் உரிய பணம் வந்தது. மின்கட்டணம் இன்னும் இழுபறியில் இருக்கிறது.