அகலப்படத் தையல்: 8 பிட் ஜேபெக்கா, 16 பிட் டிஃப்பா?

சூரியன் மறைந்து கால் மணி நேரம் ஆன கடல்வானம்தான், பல படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி அகலப்படம் (பனோரமா) தைப்பவருக்குக் கடினமான சோதனை. நெருப்பு நிறத்தில் தொடங்கி, எங்கே மாறியது என்றே தெரியாமல் கருநீலத்தில் முடியும் வானம் அது. அதே வானம் தைத்து முடித்த படத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தால், பழி பெரும்பாலும் மென்பொருள் மீது விழுகிறது. நான் முதலில் பார்ப்பது, உள்ளே கொடுத்த கோப்புகள் எத்தனை பிட், அதாவது ஒவ்வொரு நிறத்தையும் எத்தனை படிகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன என்பதைத்தான்.

கணக்கு எளியது. 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 20,000 பிக்சல் அகலமுள்ள படத்தில், வானத்தின் நீலம் 10,000 பிக்சல் தூரத்துக்குள் 50 படிகள் மட்டுமே மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியும் 200 பிக்சல் அகலத்துக்குத் தட்டையாகக் கிடக்கும். டிஃப் வகைக் கோப்பு தாங்கும் 16 பிட்டில் இருப்பவை 65,536 படிகள்; அதே மாற்றத்துக்குச் சுமார் 12,800 படிகள் கிடைக்கின்றன, பிக்சலுக்கு ஒன்றுக்கும் மேல். கேமராவின் ரா கோப்பு (சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு) தருவது 12 அல்லது 14 பிட்தான் என்றாலும், 256-உடன் ஒப்பிட்டால் அது பெருஞ்செல்வம். சென்சாரின் இரைச்சல் (படத்தில் தெரியும் நுண்புள்ளிகள்) இந்தப் பட்டைகளை ஓரளவு மறைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் இரைச்சல் நீக்கமும் ஜேபெக்கின் சுருக்கமும் அந்தத் திரையைத்தான் முதலில் துடைத்துவிடுகின்றன.

தைப்பது என்றால் ஓரங்களை ஒட்டுவது மட்டுமல்ல. லென்ஸின் வளைவு திருத்தப்படுகிறது, இருண்ட மூலைகள் தூக்கிவிடப்படுகின்றன, படத்துக்குப் படம் வேறுபடும் வெளிச்சம் சமன்செய்யப்படுகிறது. ஹூகின் என்ற தையல் மென்பொருளோடு வரும், படங்களைக் கலக்கும் நிரலான என்பிளெண்ட், 1983-இல் ஆய்வாளர்கள் பர்ட்டும் ஏடெல்சனும் முன்வைத்த முறையில், நுண்விவரங்களைக் குறுகிய இடத்திலும் பரந்த நிறமாற்றங்களை நீண்ட தூரத்திலும் கலக்கிறது. வானம் அந்த இரண்டாவது வகை. படிகள் போதாவிட்டால் குறை அங்கேதான் வெளிப்படும். ஹூகினுக்கு 8 பிட் படங்களைக் கொடுத்தால் இயல்பாக வெளியே வரும் டிஃப்பும் 8 பிட்தான். கோப்பின் பெயர் மாறியதால் ஆழம் கூடிவிடாது.

ஜேபெக்கை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. பகல் வெளிச்சத்தில் மரங்களும் கட்டடங்களும் நிறைந்த காட்சிக்கு அது தாராளமாகப் போதும். ஒட்டுப்புள்ளிகளை (அடுத்தடுத்த படங்களில் ஒரே இடத்தைக் காட்டும் புள்ளிகளை) கண்டுபிடிக்க 8 பிட்டுக்கு மேல் தேவையே இல்லை. கையில் ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றால், தைப்பதற்கு முன் அதை 16 பிட் டிஃப்பாக மாற்றலாம். இழந்த படிகள் திரும்ப வாரா. ஆனால் இனி நடக்கும் கணக்குகளில் புதிய இழப்பு குறையும். ஜேபெக்குக்கு இன்னும் இரண்டு தடைகள் உண்டு: ஒரு பக்கம் 65,535 பிக்சலைத் தாண்ட முடியாது, ஒளிபுகும் பகுதியைக் குறிக்கும் ஆல்ஃபாவும் கிடையாது.

டிஃப்பின் விலை இடம். 20,000-க்கு 10,000 என்றால் 20 கோடி பிக்சல். சுருக்காமல் வைத்தால் 8 பிட்டில் 60 கோடி பைட், 16 பிட்டில் 120 கோடி, ஆல்ஃபாவும் சேர்ந்தால் 160 கோடி. 30,000-க்கு 15,000 ஆனால் 360 கோடி. சாதாரண டிஃப்பின் 4 ஜிபி எல்லை கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது. அதற்கு மேல், பெரிய கோப்புகளுக்கான பிக்டிஃப் அல்லது ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்பி. ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சலோடு நிற்கிறது, பிஎஸ்பி 3,00,000 வரை போகிறது. 16 பிட் படத்தை எல்இசட்டபிள்யூ முறையில் சுருக்கினால் கோப்பு பல நேரம் பெருத்தே விடும். ஜிப் வகைச் சுருக்கம் மேல். பிஎன்ஜியும் 16 பிட்டை இழப்பின்றித் தாங்கும், பெரிய படங்களைச் சேமிக்கத்தான் நேரம் எடுக்கும்.

இருண்ட அறையும் பளீரென்ற ஜன்னலும் ஒரே படத்தில் வேண்டுமென்று பல வெளிச்ச அளவுகளில் எடுத்தவருக்கு 16 பிட்டும் பற்றாது. அவருக்கு ஓப்பன்இஎக்ஸ்ஆர். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் 2003-இல் வெளியிட்ட இந்த வடிவம் எண்களை மிதவைப்புள்ளியாக (புள்ளி இடம் மாறக்கூடிய தசம எண்களைப் போல) வைப்பதால், வெள்ளையைத் தாண்டிய ஒளியும் வெட்டுப்படாது. ஒரே வெளிச்ச அளவில் எடுத்த வரிசைக்கு இது வீண்சுமை.

அடோபியின் லைட்ரூம் மென்பொருள் 2015 முதல் தைத்த படத்தை, ரா போன்ற டிஎன்ஜி கோப்பாகவே தருகிறது. வெண்சமநிலையை (வெள்ளை எந்தச் சாயலில் தெரிய வேண்டும் என்ற அமைப்பை) பிறகும் நிம்மதியாக மாற்றலாம். அந்த வசதி எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒட்டுப்புள்ளிகளைக் கையால் திருத்த அங்கே வழியில்லை. கையில் பிடித்து எடுத்து, முன்னால் இருக்கும் கம்பி இரண்டாகத் தெரியும் வரிசைகளுக்கு ஹூகினோ பிடிகுயி என்ற இன்னொரு தையல் மென்பொருளோதான் வேண்டும்.

அந்தி வானத்துக்கு நான் செய்வது இதுதான்: எல்லா ரா கோப்புகளுக்கும் ஒரே வெண்சமநிலை, கூர்மையூட்டல் இல்லாமல் 16 பிட் டிஃப், அதே ஆழத்தில் தையல், நிறத்திருத்தம், கடைசியில் ஜேபெக். பிறகு இடையில் உருவான டிஃப்புகளை அழித்துவிடுவேன். ரா கோப்புகளும், தையல் விவரங்களை வைக்கும் ஹூகினின் பிடிஓ கோப்பும் இருந்தால் அவற்றை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் உருவாக்கலாம். பிடிஓ என்பது சில பக்கங்களே உள்ள வெறும் உரைக்கோப்பு.